சிப்பாயின் பெயர் எங்கே?

தளபதி இறந்தால் சிலை வைக்கிறோம். சாலைக்கு அவர் பெயரைச் சூட்டுகிறோம். மந்திரி இறந்தால் மணிமண்டபம் எழுப்புகிறோம். ஏதோ ஒரு கிராமத்திலிருந்து தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பட்டாளத்துக்குப் போய், ஊர் பேர் தெரியாத மேட்டில் குண்டடிபட்டு விழுந்த சிப்பாய்க்கு என்ன செய்கிறோம்? "நாடு அவர்களை என்றும் மறவாது" என்று ஒரு வாக்கியம் சொல்கிறோம். அந்த வாக்கியத்தில் "அவர்கள்" என்ற சொல்தான் இருக்கிறது; பெயர் இல்லை.

இது உணர்ச்சி சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் அல்ல. சாதாரணச் சிப்பாயை ஒரு நாடு எப்படி நினைவில் வைக்கிறது என்பதைப் பார்த்தால், உயிரோடு இருக்கும்போது அவனை எப்படி மதித்தது என்பதும் தெரிந்துவிடும். பெங்களூரில் வாழும் தமிழர்களுக்கு இது அந்நிய விவகாரமும் அல்ல. 1809-ல் இங்கே கண்டோன்மென்ட் ஏற்பட்டபோது சென்னை ராணுவத்தோடு வந்து சேர்ந்தவர்களின் சந்ததியினர் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். அல்சூர் பகுதியைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் படையில் சிப்பாய்களை இன்றும் "தம்பி" என்றுதான் அழைக்கிறார்கள். 1780-ல் தொடங்கப்பட்ட அந்தப் படையின் தம்பிகள் உலகத்தின் எந்தெந்த மூலையிலோ மாண்டிருக்கிறார்கள்.

எண்ணாகிப் போனவர்கள்

முதல் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்காக 13 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து போனார்கள். 74,000 பேருக்குக் குறையாமல் திரும்பி வரவில்லை. மிகப் பெரிய பலி இன்றைய ஈராக்கில், அன்று மெசபடோமியா என்று வழங்கிய நாட்டில்தான். மதராஸ் சாப்பர்களும் அங்கே டைகிரிஸ் நதிக்கரையில் போரிட்டவர்கள்.

அங்கே சடலம் கிடைக்காமல் போனவர்களுக்கும், கல்லறை இன்ன இடம் என்று தெரியாதவர்களுக்கும் 1929-ல் பாஸ்ராவில் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். அதில் நினைவுகூரப்படுவோர் 40,000-க்கும் மேல். அவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியர்கள். ஆனால் அந்தக் கல்லில் பிரிட்டிஷ் படையினர் அனைவருக்கும் பெயர் உண்டு. இந்தியர்களில் அதிகாரி அந்தஸ்தில் இருந்தவர்களுக்கு மட்டுமே பெயர் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்கு, ரெஜிமெண்டின் பெயருக்குக் கீழே, "மற்றும் இத்தனை பேர்" என்று எண்ணிக்கை மட்டுமே செதுக்கினார்கள்.

கல் போதவில்லை என்று சமாதானம் சொல்ல முடியாது. அதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன், 1927-ல், பிரான்சில் நவ் ஷப்பேல் என்ற இடத்தில் அதே சாம்ராஜ்யம் இந்தியர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் திறந்தது. அங்கே 4,700-க்கும் அதிகமான இந்தியர்களின் பெயர்கள் இருக்கின்றன. சிப்பாயும் உண்டு, சுபேதாரும் உண்டு. பிரான்சில் பெயர், பாஸ்ராவில் எண். ஐரோப்பியர்கள் வந்து பார்க்கும் இடத்தில் ஒரு நியாயம், பார்க்காத இடத்தில் வேறு நியாயம் என்று ஆகிவிட்டது.

இது ஏதோ நாம் சொல்லும் குற்றச்சாட்டு அல்ல. அந்த நினைவுச் சின்னங்களைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையமே ஒரு விசேஷக் குழுவை அமைத்து, 2021 ஏப்ரலில் அதன் அறிக்கையை வெளியிட்டது. ஆசிய, ஆப்பிரிக்கப் படையினரில் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்று அது ஒப்புக்கொண்டது. இன பேதமும் அதற்குக் காரணம் என்றும் சொன்னது. பிரிட்டிஷ் பாதுகாப்பு மந்திரி பார்லிமெண்டில் மன்னிப்பு கேட்டார். நூறு ஆண்டுகளுக்குப் பிறகு கேட்ட மன்னிப்பு. மகன் பெயரைக் கல்லில் தடவிப் பார்க்க ஆசைப்பட்டிருக்கக்கூடிய தாய் ஒருத்தியும் அப்போது உயிரோடு இல்லை.

நம் நாட்டுக் கிராமங்களிலும் அந்த யுத்தத்துக்குப் பின் சிறிய பலகைக் கற்களைப் பதித்தார்கள். "இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் மகா யுத்தத்துக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் துறந்தார்கள்" என்பதுதான் அவற்றின் வாசகம். அங்கும் எண்தான்.

நம்முடைய பழைய வழக்கம்

இதில் வேதனை என்னவென்றால், சாதாரண வீரனைப் பெயர் சொல்லி நினைக்கும் வழக்கத்தை நாம் வெள்ளைக்காரனிடம் கற்க வேண்டியிருக்கவில்லை. இறந்த வீரனுக்குக் கல் எடுப்பதைத் தொல்காப்பியம் ஆறு கட்டங்களாகப் பிரித்துச் சொல்கிறது: கல்லைத் தேடிக் காண்பது முதல், நீராட்டி, நட்டு, படையலிட்டு வாழ்த்துவது வரை. தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை வட்டாரங்களில் கிடைத்துள்ள நடுகற்களில் மன்னனின் ஆட்சியாண்டோடு, மாடு மீட்கப் போய் மாண்ட ஊர்க்காரனின் பெயரும் இருக்கிறது. மன்னனுக்கும் அவனுக்கும் ஒரே கல்லில் இடம்.

கன்னட நாட்டிலும் இதே வழக்கம்தான். "வீரகல்லு" என்கிறார்கள். நாம் வாழும் இந்த நகரத்தின் பெயரே அப்படி ஒரு கல்லில்தான் முதன்முதலாகக் காணப்படுகிறது. பேகூர் நாகேசுவரர் கோயிலில் உள்ள, சுமார் கி.பி. 890-ஐச் சேர்ந்த வீரகல் கல்வெட்டு "பெங்களூர்ப் போரில்" மாண்டவனைப் பற்றிப் பேசுகிறது. பெங்களூர் என்ற பெயரை வரலாற்றுக்குக் கொடுத்தது அரசனுடைய சாசனம் அல்ல, போரில் விழுந்தவனுக்கு நாட்டிய கல் என்பதை எத்தனை பேர் அறிவார்கள்?

சுதந்திர இந்தியா செய்தது

சுதந்திரம் வந்த பிறகு நாம் என்ன செய்தோம்? டில்லியில் உள்ள இந்தியா கேட் 1931-ல் திறக்கப்பட்டது. அதில் 13,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் உண்டு. ஆனால் அவர்கள் முதல் உலக யுத்தத்திலும் 1919 ஆப்கன் யுத்தத்திலும் மாண்டவர்கள். 1971 யுத்தத்துக்குப் பின், 1972 ஜனவரி 26 அன்று அதன் வளைவுக்குக் கீழே அமர் ஜவான் ஜோதி ஏற்றப்பட்டது. தலைகீழாக நிறுத்திய துப்பாக்கியும் அதன்மேல் ஒரு இரும்புத் தொப்பியும். கம்பீரமான சின்னம்தான், ஆனால் அதிலும் பெயர் இல்லை.

சுதந்திர நாட்டின் வீரர்களுக்கென்று ஒரு தேசிய நினைவகம் வேண்டும் என்று முப்படைகள் கேட்டது 1960-ல். அது கட்டி முடிக்கப்பட்டுத் திறந்தது 2019 பிப்ரவரி 25-ல். இடையில் சீன யுத்தம், இரண்டு பாகிஸ்தான் யுத்தங்கள், இலங்கை நடவடிக்கை, கார்கில் எல்லாம் நடந்து முடிந்துவிட்டன. மத்தியில் எத்தனையோ சர்க்கார்கள் வந்து போயின. 59 ஆண்டுத் தாமதத்துக்கு ஒரு கட்சியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

தாமதமானாலும் செய்ததை ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். அங்கே "தியாக சக்கரம்" என்ற வட்டச் சுவர்களில், 1947-க்குப் பின் மாண்ட சுமார் 26,000 பேரின் பெயர்கள் ஆளுக்கொரு கருங்கல் பலகையில் பொறிக்கப்பட்டுள்ளன. பட்டம் பெற்றவனுக்கும் பெறாதவனுக்கும் ஒரே அளவுக் கல். 2022 ஜனவரி 21 அன்று அமர் ஜவான் ஜோதியை அங்கே கொண்டுபோய் இணைத்தார்கள். அதை ஆதரித்தவர்களும் உண்டு, எதிர்த்தவர்களும் உண்டு. ஜோதி எங்கே எரிய வேண்டும் என்ற சர்ச்சையைவிட, பெயர் கல்லில் ஏறிவிட்டதே என்பதுதான் முக்கியம்.

ஒரு சிப்பாயின் கதை

பெயர் கல்லில் ஏறிவிட்டால் கடமை தீர்ந்துவிடுமா? ஆல்பர்ட் எக்காவின் கதையைப் பார்ப்போம்.

அன்று பீகாரிலும் இன்று ஜார்க்கண்டிலும் இருக்கும் கும்லா ஜில்லாவில் ஜாரி என்ற கிராமம். 1942 டிசம்பரில் அங்கே ஓர் ஆதிவாசிக் குடும்பத்தில் பிறந்தவர் எக்கா. இருபதாவது வயதில் பட்டாளத்தில் சேர்ந்தார். பின்னர் 14-வது கார்ட்ஸ் பட்டாலியனுக்கு மாற்றப்பட்டு லான்ஸ் நாயக் ஆனார். 1971 டிசம்பர் 3-ம் தேதி இரவு, அகர்தலாவுக்கு எதிரே எல்லைக்கு அப்பால் இருக்கும் கங்காசாகர் என்ற இடத்தில் பாகிஸ்தான் நிலையை அவரது பட்டாலியன் தாக்கியது. டாக்கா போகும் ரயில் பாதையில் அது முக்கியமான இடம். தன் தோழர்களைச் சாய்த்துக்கொண்டிருந்த ஒரு மெஷின்கன் பதுங்கு குழிமீது எக்கா தனியாகப் பாய்ந்து, பயனெட்டால் குத்தி அதை அடக்கினார். பிறகு மாடிக் கட்டிடம் ஒன்றிலிருந்து இன்னொரு மெஷின்கன் சுடத் தொடங்கியது. உடலில் பலத்த காயத்தோடு தவழ்ந்து போய்க் கையெறி குண்டு வீசினார். அதற்கும் அது அடங்கவில்லை. சுவரில் ஏறி உள்ளே புகுந்து அதையும் அடக்கினார். பிறகு விழுந்தார். 29 வயது நிறைய இன்னும் மூன்று வாரம் இருந்தது.

அவருக்குப் பரம் வீர் சக்ரா கிடைத்தது. 1971-ல் அந்தப் பட்டம் பெற்ற நால்வரில் அதிகாரி அந்தஸ்து இல்லாதவர் அவர் ஒருவரே. கிழக்கு முனையில் அதைப் பெற்றவரும் அவர் ஒருவரே. ராஞ்சி நகரத்தின் நடுவே ஒரு நாற்சந்திக்கு அவர் பெயர். தபால் தலை வெளியிட்டார்கள். 2023 ஜனவரியில் அந்தமானில் ஒரு தீவுக்கே அவர் பெயரைச் சூட்டினார்கள்.

இத்தனை மரியாதை பெற்றவரின் குடும்பத்திடம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எது இல்லை தெரியுமா? அவர் புதைக்கப்பட்ட இடத்தின் ஒரு பிடி மண். அவரைத் திரிபுராவில் அகர்தலாவுக்கு அருகே அடக்கம் செய்திருந்தார்கள். ஜாரி கிராமத்துக்கு அந்த மண் வந்து சேர்ந்தது 2015 முடிந்து 2016 பிறக்கும் தறுவாயில்தான். முதலில் கொண்டுவரப்பட்ட மண் உண்மையிலேயே அந்தக் கல்லறையினுடையதுதானா என்று குடும்பத்தார் சந்தேகப்பட, பிறகு அவர்களையே அழைத்துப் போய்க் காட்ட வேண்டியதாயிற்று.

இது யாரோ வேண்டுமென்று செய்த குற்றம் அல்ல. அந்த நாளில் போர்க்களத்துக்கு அருகிலேயே தகனம் அல்லது அடக்கம் செய்வதுதான் முறை. வீட்டுக்குத் தந்தி வரும். சில நாள் கழித்து உடைமைகள் வரும். 1999 கார்கில் யுத்தத்தின்போதுதான் இறந்தவர்களின் உடல்களைச் சொந்த ஊருக்கே அனுப்புவது பரவலான வழக்கமாயிற்று. கொடி போர்த்திய பெட்டி கிராமத்துக்குள் வந்தது, ஊரே திரண்டது. பள்ளிக்கூடத்துக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் அவன் பெயர் வந்தது. 1962-லும் 1965-லும் 1971-லும் மாண்டவர்களின் குடும்பங்களுக்கு அந்த ஆறுதல் பெரும்பாலும் கிட்டவில்லை. உச்சமான வீரப்பட்டம் பெற்றவரின் வீட்டுக்கே இந்த நிலை என்றால், பட்டம் எதுவும் பெறாத ஆயிரக்கணக்கானவர்களின் வீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

பிடித்த யுத்தம், பிடிக்காத யுத்தம்

இன்னொரு சிக்கலும் உண்டு. வெற்றி பெற்ற யுத்தத்தில் இறந்தவனை நினைப்பது சுலபம். தோற்ற யுத்தத்திலோ, நாட்டில் பலருக்குப் பிடிக்காத யுத்தத்திலோ இறந்தவன் என்ன ஆகிறான்?

நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் மலேயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் சேர்ந்த தமிழர்கள் ஏராளம். அவர்களில் தோட்டத் தொழிலாளிகள் பலர். மாண்ட வீரர்களின் நினைவாக 1945 ஜூலையில் சிங்கப்பூர்க் கடற்கரையில் நேதாஜி அடிக்கல் நாட்டி ஒரு சின்னம் எழுப்பினார். சில வாரங்களுக்குள் பிரிட்டிஷார் திரும்பி வந்து அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்த இடத்தில் ஓர் அடையாளப் பலகை வைக்க ஐம்பது ஆண்டுகள் ஆயின; 1995-ல் சிங்கப்பூர் அரசு வைத்தது.

1987 ஜூலையில் இலங்கைக்குப் போன இந்திய அமைதிப் படை 1990 மார்ச்சில் திரும்பியது. சுமார் 1,200 பேர் அங்கே மாண்டார்கள். அந்தப் படையால் ஈழத் தமிழ் மக்கள் பட்ட துன்பத்தை யாரும் மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. கப்பல் சென்னைக்கு வந்தபோது அன்றைய முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழர்களின் மனவேதனையை அப்படி வெளிப்படுத்தினார். அது சரியா தவறா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை.

ஆனால் கொள்கை வகுத்தவர்கள் டில்லியில் இருந்தார்கள். குண்டடிபட்டவன் வன்னிக் காட்டில் கிடந்தான். அவனிடம் யாரும் யோசனை கேட்கவில்லை. அவர்களுக்கென்று கொழும்புக்கு அருகே ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டேயில் பெயர்களோடு ஒரு நினைவுச் சின்னத்தை இலங்கை எழுப்பி 2008-ல் திறந்தது. நம் தலைநகரத்தில் அவர்களின் பெயர் கல்லில் ஏறியது 2019-ல். யுத்தத்தை விமர்சிக்க நமக்கு உரிமை உண்டு. அங்கே செத்த பொதுமக்களுக்காகக் கண்ணீர் விட வேண்டிய கடமையும் உண்டு. அந்த இரண்டையும் செய்துகொண்டே, செத்த சிப்பாயின் பெயரையும் சொல்ல முடியும். ஒன்று மற்றதற்கு விரோதம் அல்ல.

கல் ஒன்று, கணக்கு இரண்டு

இனி இன்றைய விஷயத்துக்கு வருவோம். 2022 ஜூனில் மத்திய சர்க்கார் அக்னிபாத் திட்டத்தை அறிவித்தது. அதன்படி சேரும் அக்னிவீரர்கள் நான்கு ஆண்டு பணியாற்றுவார்கள். பின்னர் அவர்களில் 25 சதவீதம் வரை நிரந்தரப் படையில் எடுத்துக்கொள்ளப்படலாம். முதல் அணிகள் 2022 முடிவிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்கு வந்தன.

அக்னிவீரர் ஒருவர் போர்முனையில் இறந்தால் என்ன கிடைக்கும்? 48 லட்ச ரூபாய் இன்ஷூரன்ஸ், 44 லட்ச ரூபாய் கருணைத் தொகை, நான்கு ஆண்டில் மீதமுள்ள காலத்துச் சம்பளம், சேவா நிதி. எல்லாம் சேர்ந்தால் ஒரு கோடி ரூபாயைத் தாண்டும். ஆனால் குடும்பப் பென்ஷன் கிடையாது. அதே பதுங்கு குழியில், அதே குண்டில் இறக்கும் நிரந்தரச் சிப்பாயின் குடும்பத்துக்கு இன்ஷூரன்ஸும் கருணைத் தொகையும் கிடைப்பதோடு, கடைசியாக வாங்கிய சம்பளத்துக்குச் சமமான தாராளக் குடும்பப் பென்ஷனும் உண்டு.

சர்க்கார் தரப்பிலும் வாதம் இருக்கிறது. ஒரு கோடி சின்னத் தொகை அல்ல. வங்கியில் ஆறு சதவீத வட்டிக்குப் போட்டாலே மாதம் 50,000 ரூபாய் வரும். நான்கு ஆண்டு வேலை என்று தெரிந்துதானே சேர்ந்தார்கள் என்றும் கேட்கலாம்.

கணக்கு சரிதான். ஆனால் குடும்பங்கள் எப்படி வாழ்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். வங்கியில் போட்ட முதல் விலைவாசியோடு ஏறாது. பென்ஷன் அகவிலைப்படியோடு ஏறும். முதலைத் தங்கை கலியாணத்துக்கு எடுக்கலாம். உறவினர் கடன் கேட்கலாம். மோசடிக்காரன் வந்து கரைத்துவிடலாம். பென்ஷனை யாரும் ஒரே நாளில் கரைக்க முடியாது. மகனைப் பறிகொடுத்த அறுபது வயதுத் தாய்க்கு மொத்தத் தொகையைவிட மாதா மாதம் வரும் தொகைதான் மகன் அனுப்பும் பணம்போல இருக்கும். ஒப்பந்தம் தெரிந்துதான் சேர்ந்தார்கள் என்பதும் உண்மையே. ஆனால் ஒப்பந்தம் நான்கு ஆண்டு வேலைக்குத்தான். உயிரைக் கொடுத்தவன் கொடுத்தது நான்கு ஆண்டை அல்ல, முழு ஆயுளையும்.

பாதுகாப்புத் துறைக்கான பார்லிமெண்ட் நிலைக்குழு 2024-ல் இதே முடிவுக்குத்தான் வந்தது. பணியில் இறக்கும் அக்னிவீரர்களின் குடும்பத்துக்கும் நிரந்தரச் சிப்பாயின் குடும்பத்துக்குத் தரும் அதே பலன்களைத் தர வேண்டும் என்று அது சிபாரிசு செய்தது. 2025-ல் எல்லையில் மகனை இழந்த ஒரு தாயார் பம்பாய் ஹைகோர்ட்டில் இதே சமத்துவத்தைக் கேட்டு மனுச் செய்தார். கோர்ட்டுப் படி ஏறித்தான் ஒரு தாய் இதைக் கேட்க வேண்டுமா? இதற்காகும் செலவு பாதுகாப்பு பட்ஜெட்டில் ஒரு மூலைக்குக்கூட வராது. பணமுடை காரணமாக மறுக்கக்கூடிய விஷயம் அல்ல இது.

செய்ய வேண்டியவை

முதலாவது, போர்முனை மரணத்தில் அக்னிவீரன், நிரந்தரச் சிப்பாய் என்ற பேதம் போக வேண்டும். கல் ஒரே அளவு என்றால் கணக்கும் ஒரே அளவாக இருக்கட்டும்.

இரண்டாவது, பெயர்கள் டில்லிச் சுவரில் மட்டும் இருந்தால் போதாது. பல ஜில்லாக்களில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. மாண்டவர்களின் பெயர், கிராமம், படைப்பிரிவு, இறந்த இடம், தகனமோ அடக்கமோ செய்யப்பட்ட இடம் ஆகியவற்றைத் திரட்டி ஜில்லாவாரியாக அந்தந்த மாநில மொழியில் அச்சிடலாம். பஞ்சாபிலிருந்து முதல் உலக யுத்தத்துக்குப் போன 3,20,000 பேரைப் பற்றிய பதிவேடுகள் லாகூர் மியூசியத்தில் படிப்பாரற்றுக் கிடந்தன. 2021-ல் அவை வெளிச்சத்துக்கு வந்தபோது, பல குடும்பங்கள் தங்கள் முப்பாட்டனாரின் பெயரை முதன்முறையாகக் கண்டுகொண்டன. காகிதம் இருந்தால் நூறு ஆண்டு கழித்தும் பெயர் எழுந்து வரும்.

மூன்றாவது, நம்மாலேயே ஆகக்கூடிய காரியம். கண்டோன்மென்ட் பகுதியில் பல தமிழ்க் குடும்பங்களில் பழைய பெட்டிகளின் அடியில் ஒரு மெடல், ஒரு டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், உருது முத்திரை குத்திய ஒரு கடிதம் இருக்கக்கூடும். அவற்றைப் பழைய இரும்போடு போடாமல், இன்னார் எங்கே போனார், எப்போது இறந்தார் என்று பெரியவர்கள் சொல்வதை ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். நம் தமிழ்ச் சங்கங்கள் அந்தத் தாள்களைத் தொகுத்தால் அதுவே ஒரு நடுகல் ஆகும். பிரிகேட் ரோடும் ரெசிடென்சி ரோடும் சந்திக்கும் இடத்தில், முதல் உலக யுத்தத்தில் மாண்ட மதராஸ் பயோனியர்களின் நினைவுத் தூண் நிற்கிறது. தினமும் ஆயிரக்கணக்கானோர் அதைச் சுற்றிக்கொண்டு கடைக்குப் போகிறார்கள். பிள்ளைகளை அழைத்துப் போய் ஒரு நிமிஷம் நிறுத்தி, அது என்ன என்று சொல்ல யாருக்கும் செலவில்லை.

டிசம்பர் 7-ம் தேதி கொடி நாள். 1949-லிருந்து கொண்டாடி வருகிறோம். சட்டையில் ஒரு சிறு கொடியைக் குத்திக்கொண்டு உண்டியலில் காசு போடுவது நல்ல காரியம்தான். அன்றைக்கு ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் அந்த வட்டாரத்தில் மாண்ட ஒரு சிப்பாயின் பெயரை, பிறந்த ஊரோடும் இறந்த ஊரோடும் சேர்த்து உரக்க வாசித்தால் இன்னும் நல்லது. சிப்பாய், எந்த யுத்தம் என்று கேட்டுவிட்டுப் போகவில்லை. போ என்றார்கள், போனான். அவன் பெயரைச் சொல்வதற்கு மட்டும் நாம் எதற்காகக் காரணம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்?